மேலே சரிபார்க்கப்பட்டது

மேலே சரிபார்க்கப்பட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததிலிருந்து கோகிலவாணி அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புரோகிராமில் அது ஆங்கிலத்தில் இருந்தது, மங்கின பச்சையில், முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு. அந்தச் சாய்கோடு விழுந்துவிட்டால் மெஷின் அந்த வரியைச் சீண்டாது. அது கமெண்ட், எழுதினவர் பின்னால் வந்து படிக்கிறவருக்கு விட்டுப்போகிற குறிப்பு. மெஷின் கண்டுகொள்ளாத வரியை மனிதர்கள்தான் நம்பித் தொலைக்கிறார்கள். மேலே என்றால் எங்கே மேலே? அவள் மேலே போய்ப் பார்த்தாள். மேலே இருந்த துண்டில் சரிபார்ப்பு இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் அந்த மேலே வழியாகத்தான் கீழே வருவார்கள் என்று யார் சொன்னது? பிறந்த குழந்தையைக் கிடத்துகிற வார்மர் அது. தலைக்கு மேலே ஹீட்டர், கீழே மெத்தை, குழந்தையின் வயிற்றில் ஒட்டின ப்ரோப். ப்ரோப் சொல்கிற சூட்டைப் பார்த்து ஹீட்டர் கூடும், குறையும். ப்ரோப் கழன்று துணியில் விழுந்தால் அது துணியின் சூட்டைச் சொல்லும், மெஷின் ஐயோ பிள்ளை குளிர்கிறதே என்று ஹீட்டரை ஏற்றும். அதற்குத்தான் சரிபார்ப்பு. ப்ரோப் தோலில் இருக்கிறதா, இல்லையென்றால் ஹீட்டரை நிறுத்து, மணி அடி. பழைய வெர்ஷனில் எந்தப் பக்கமாக வந்தாலும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும். புதியதில், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மட்டும், மெஷின் விட்ட இடத்தில் பிடிக்கிறேன் பேர்வழி என்று நேராக ஹீட்டர் துண்டுக்குள் குதிக்கிறது. குதிக்கிற வாசலில் இந்தப் பச்சை வரி. கரண்ட் போகாத ஊரா நம் ஊர்? தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிசகவில்லை. நாலு மணி மீட்டிங்கில் இதைச் சொல்லவேண்டும். சொல்லத்தான் போகிறாள்.

ஸ்டைல் கைடு என்று ஒன்று வந்ததிலிருந்துதான் இந்தக் கூத்தெல்லாம். மெஷினை வாங்குகிற கம்பெனி கேட்டது என்று மேலிடத்தில் யாரோ உட்கார்ந்து எழுதினார்கள். ஒரு ஃபங்ஷன், அதாவது புரோகிராமில் ஒரு துண்டு, நாற்பது வரிக்கு மேல் போகக் கூடாது, ஃபங்ஷன் ஒவ்வொன்றின் தலையிலும் கமெண்ட் இல்லாமல் கூடாது, கமெண்ட் இரண்டு வரிக்கு மேல் நீளக் கூடாது, கமெண்டில் ஆள் பெயர் கூடாது, சந்தேகம் கூடாது, ‘என்று நினைக்கிறேன்’ கூடாது. மாமியார் வீட்டுக்கு முதல் தடவை போகிற பெண்ணுக்குக்கூட இத்தனை கூடாது சொல்லி அனுப்பமாட்டார்கள். இதைப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் வேறு. மீறினால் சிவப்பு, அடங்கினால் பச்சை. அதற்குக் கமெண்ட் இருக்கிறதா என்று தெரியும், நிஜமா என்று தெரியாது. டீம் பசங்களுக்கு இது போதாதா? ஒரு வாரத்தில் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கே போட்டாலும் ஒட்டிக்கொள்கிற மாதிரிக் கொஞ்சம் கமெண்ட் எழுதி ஒரு ஃபைலில் போட்டு வைத்தார்கள், சிவப்பு காட்டுகிற இடத்தில் எடுத்துத் தூவினார்கள். அதற்குக் கறிவேப்பிலை என்று பெயர். ‘ரெட் காட்டுதுடா, கொஞ்சம் கறிவேப்பிலை தூவு.’ தூவினால் பச்சை. சாப்பிடுகிறவர் எடுத்து ஓரமாக வைக்கத்தான் போகிறார், ஆனாலும் அது விழாமல் சட்டியை இறக்கக் கூடாது. அவளும் சிரித்திருக்கிறாள், ஏன் பொய் சொல்லவேண்டும். நன்றாகத்தான் இருந்தது அந்தப் பெயர். இப்போது டீமில் இருக்கிற நிவாஸ் நீளமான ஃபங்ஷன் ஒன்றை நாற்பது வரிக்கு அடக்க மூன்றாக வெட்டினான், வெட்டின தலை ஒவ்வொன்றிலும் ஒரு இலை போட்டான், ஒரு தலையில் ‘மேலே சரிபார்க்கப்பட்டது’ விழுந்தது. அவ்வளவுதான் நடந்தது. கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. பெஞ்சில் டெஸ்ட் செய்கிறவர்களும் ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ரோப்பைக் கழற்றிப் பார்த்தார்கள், ப்ரோப் ஒட்டியிருக்கும்போது கரண்டைப் பிடுங்கிப் பார்த்தார்கள், இரண்டையும் ஒன்றாகச் செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய மற்ற இரண்டு பேரும் அந்தப் பச்சை வரியைப் படித்துவிட்டு, மேலேதான் பார்த்தாகிவிட்டதே என்று தாண்டிப்போய்விட்டார்கள்.

நிவாஸ் கெட்டவனாக இருந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும். பக்கத்து இருக்கை, நாலு வருஷமாக. மீட்டிங்கில் அவள் வாய் திறந்து முதல் எழுத்திலேயே நின்றுவிட்டால் மீதியை அவன் சொல்லிவிடுவான், பெரும்பாலும் சரியாகவே சொல்வான். கோகிலவாணி என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு, அவள் அப்பாவுக்கு, பிள்ளைக்குப் பேச்சு திக்கப்போகிறது என்று எப்படித் தெரியும்? நாலு வயசில் ஆரம்பித்தது. அம்மா வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தாள், மருதமலை முருகனுக்குத் தேன் அபிஷேகம் செய்தாள். நாக்கு கசந்தது, முருகனுக்கு இனித்திருக்கும், பேச்சு அதே இடத்தில் நின்றது. கவும் டவும் பவும் வாசலில் உட்கார்ந்துகொண்டு வழிவிடாது. மற்ற எழுத்தெல்லாம் பரவாயில்லை. இந்த மூன்றும் வராத வார்த்தையாகத் தேடிப்பிடித்து ஒரு வாழ்க்கையை நடத்திவிடலாம், அவள் நடத்திக்கொண்டுதான் இருக்கிறாள், எதிரே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. டீ பிடிக்கும், கேன்டீனில் சுக்குமல்லி சொல்வாள். பஸ்ஸில் பீளமேடு என்று வராமல் கண்டக்டர் ‘ஹோப்ஸுங்களா?’ என்று கேட்க, தலையாட்டி, பீளமேட்டைத் தாண்டி ஹோப்ஸில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்திருக்கிறாள். பெண் பிறந்தபோது கயல் என்று வைக்க எவ்வளவு ஆசை. மாடியிலிருந்து அவசரத்துக்குக் கூப்பிடவேண்டி வந்தால் என்ன செய்வது என்று யோசித்து யாழினி என்று வைத்தாள். நல்ல பெயர்தான், யார் இல்லையென்றது, ஆனால் மனசில் வைத்த பெயர் வேறு. இது அவள் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மனசில் இருக்கிற வார்த்தைக்குப் பதிலாக வாய்க்கு வசதியான வார்த்தை. எத்தனை வருஷமாக. பஸ் டிக்கெட்டோடு போனால் போகட்டும், நடந்து தீர்த்துக்கொள்ளலாம்.

காலையில் நிவாஸிடம்தான் முதலில் காட்டினாள். அவனிடம் அவளுக்குத் திக்குவது குறைவு, பழகின முகம். ‘கரண்ட் போய் வந்தா’ என்பதற்குப் பதில் ‘லைன் போய் வந்தா’ என்று சொல்லி விரலால் திரையைத் தொட்டுக் காட்டினாள். அவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தான். “மேலயே செக் ஆயிடுது கோகி. பாரு, கமெண்ட்லயே போட்டிருக்கேன்ல?” தான் தூவின இலையைத் தானே தின்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது, சிரிப்பு வரவில்லை. இல்லை, இந்த வழியாக வரும்போது மேலே போகவே போகாது என்று அவள் அம்புக்குறியை நகர்த்தி நகர்த்திக் காட்டியதும் அவன் முகம் கொஞ்சம் மாறினது. மாறினதை அவள் பார்த்தாள், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. “ப்ரோப்பும் கழண்டு, அதே நேரத்துல கரண்டும் போய்... இதெல்லாம் எங்க நடக்கப்போகுது? இப்ப தொட்டா டெஸ்டிங் மொத்தமும் திரும்பப் பண்ணணும். சாயந்தரம் டெலிவரி. அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம் விடு.” விடு என்று அவள் விடவில்லை, புரோகிராமைப் பார்த்தவர்கள் குறை எழுதுகிற ரிவ்யூ பக்கத்தில் எழுதினாள். எழுதும்போது அவளுக்குத் திக்காது, அங்கே அவள் ராணி. கரண்ட், ப்ரோப், கழன்று, குழந்தை, கவும் பவும் வரிசையில் நின்று கும்பிடு போட்டுக்கொண்டு வரும். எவ்வளவோ சுருக்கியும் ஆறு வரி வந்தது. டீம் லீட் மோகனசுந்தரம் அதைப் பார்த்த கையோடு ‘மீட்டிங்கில் பேசுவோம்’ என்று போட்டு மூடிவிட்டார். அது அவர் வழக்கம். முன்னே ஒருதரம் இரண்டு பேர் ரிவ்யூ பக்கத்திலேயே பத்தி பத்தியாக எழுதிச் சண்டை போட்டு, பெரியவர்கள் வரைக்கும் போய் நாறினபிறகு, ஆட்சேபம் எதுவானாலும் நாலு மணிக்கு எல்லோரும் நிற்கும்போது வாயால் சொல்லவேண்டும் என்று வைத்துவிட்டார். வாயால் வராத ஆட்சேபம் ஆட்சேபம் இல்லை. அவர் அவளை நினைத்து வைக்கவில்லை. அவளை நினைக்காமல் வைத்ததுதான் அதில் இருக்கிற வலி. மூடினதை நிவாஸும் பார்த்தான். “அவ்ளோ சீரியஸ்னு தோணுச்சுன்னா மீட்டிங்ல சொல்லிடேன்” என்றான், நல்லவிதமாகத்தான். அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்து சொன்னான். அதையே நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள், வெண்டைக்காய்ப் பொரியல் என்ன ருசி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏசி தலைக்கு நேரே ஊதுகிறது. கழுத்து குளிர்கிறது, உள்ளங்கை வேர்க்கிறது, இது என்ன உடம்போ. கண்ணாடிக்கு வெளியே சரவணம்பட்டி ரோட்டில் தூசி, பாதியில் நிற்கிற கட்டடம், ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து, பின்னால் வருகிறது வருகிறது என்று கத்திக்கொண்டே போகிறது. பின்னால் யாரோ மைக்ரோவேவில் மீன் வைத்துவிட்டார்கள். கேட்டால் யாரும் வைத்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நடக்கப்போவதில்லை என்கிறானே நிவாஸ், அவன் இந்த மெஷின் வைத்த வார்டுக்குப் போனதில்லை. மெஷினை முதலில் நிறுவினபோது அவள் போயிருந்தாள், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. அவள் பார்த்த குழந்தை உள்ளங்கையும் மணிக்கட்டுமாகத்தான் இருந்தது, அதற்குள் வயிறு, அந்த வயிற்றில் வெள்ளிக் காகிதம் வைத்து ஒட்டின ப்ரோப். வயர்தான் குழந்தையைவிடக் கனமாகத் தெரிந்தது. “இது வேர்த்தா உரிஞ்சுக்குமுங்க, போறப்ப வாறப்ப எல்லாம் ஒட்டோணும்” என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அழுத்தினாள். அந்த நிமிஷம் கரண்ட் போனது. யாரும் தலைநிமிரவில்லை, அங்கே அது தும்மல் மாதிரி. ஜெனரேட்டர் உறுமிப் பிடித்துக்கொண்டது, மெஷின் விளக்கு மறுபடி எரிந்தது. அவள் கண்ணால் பார்த்தது இது. உரிவதும் நடக்கும், போவதும் நடக்கும், இரண்டும் ஒன்றாக நடக்காமல் இருக்க அவை என்ன ஒன்றோடொன்று பேசிவைத்துக்கொள்ளவா போகின்றன? நர்ஸ் ஒருத்தி, குழந்தை எத்தனையோ. அந்த நேரம் அவள் வேறு குழந்தையிடம் இருந்தால். துணியில் கிடக்கிற ப்ரோப் குளிர்கிறது குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும், மேலே இருக்கிற ஹீட்டர் சிவந்துகொண்டே போகும், மணி அடிக்காது, ஏனென்றால் மணியும் ப்ரோப்பைத்தான் கேட்கும். அதற்கு மேல் அவளால் நினைக்க முடியவில்லை. வேண்டாம் என்று தலையை உதறினாள். உதறினால் போகிற நினைப்பா அது.

சரி, என்ன சொல்வது. வாக்கியத்தைக் கட்டிப் பார்க்கவேண்டும், இது சின்ன வயசுப் பழக்கம், படி ஏறுமுன் படியை எண்ணுகிற மாதிரி எந்த எழுத்து எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்வாள். ப்ரோப் கழன்று கிடக்கும்போது கரண்ட் போய் வந்தால் ஹீட்டர் நிற்காது. ஐயோ. ப, க, கி, க, போ. ஒரு வாக்கியத்தில் எல்லாப் பிசாசும். ப்ரோப்புக்குப் பதில் சென்சார் என்றால்? மெஷினில் அரை டஜன் சென்சார் இருக்கின்றன, எந்தச் சென்சார் என்று கேட்பார், அப்புறம் மறுபடி அதே வாசல். கழன்று வேண்டாம், விலகி என்று சொல்லலாம். விலகினால் அபாயம் குறைவு மாதிரிக் கேட்கிறது. கரண்டை லைன் ஆக்கலாம். லைன், விலகி, சென்சார், சொல்லி முடிக்கும்போது யாருக்கு எது புரியும்? ஏதோ ஒரு சின்ன விஷயம் சொல்கிறாள் என்று புரியும். ஒன்பதாவது படிக்கும்போது வகுப்பில் வரிசையாக எழுந்து படிக்கவேண்டும், அவள் முறை வரும்போது டீச்சர் “அவளை விட்டுட்டு அடுத்தவ படி” என்பாள். இரக்கம்தான். அந்த இரக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பழகி, பெண் பார்க்க வந்தவர்கள் ‘பேர் என்னம்மா’ என்றபோது சின்னம்மா பதில் சொல்லி, இங்கே நிவாஸ் பதில் சொல்லி, ஆளுக்கு ஆள் அவள் வாயைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னார்கள். தப்பாகச் சொன்னபோதும் அவள் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள், விஷயம் முடிந்தால் போதும் என்று. அந்தப் பச்சை வரியும் அப்படித்தானே விழுந்தது, விஷயம் முடிந்தால் போதும் என்று. இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது, நல்ல கோபம், காது வரைக்கும் சுட்டது. வேண்டாம், ஒரு வார்த்தையையும் மாற்றப்போவதில்லை. ப்ரோப் என்றால் ப்ரோப். எவ்வளவு நேரம் பிடித்தாலும் பிடிக்கட்டும். நிற்கிறவர்களுக்குக் கால் வலித்தால் நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். பயமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. பயம் இருந்துவிட்டுப் போகட்டும், அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக வரட்டும். அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். துப்பட்டாவில் துடைத்துக்கொள்வதற்குள் நாற்காலிகள் உருளுகிற சத்தம் கேட்டது.

மோகனசுந்தரத்தின் மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். “எல்லாம் பச்சைங்க. சாயந்தரம் அனுப்பிச்சுரலாம். யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லோணுமா?” கேட்டுக்கொண்டே மவுஸில் கை வைத்தார்.

“எனக்கு” என்றாள். ‘எ’ நல்ல எழுத்து, தடையில்லாமல் வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். “ப்” என்று உதடு மூடியது. மூடின உதடு மூடினபடியே நின்றது. அதற்குப் பின்னால் மொத்த வாக்கியமும் முட்டிக்கொண்டு நின்றது. யாரோ செருப்பைத் தரையில் தேய்த்தார்கள். இந்த இடத்தில் அவள் எப்போதும் தரையைப் பார்ப்பாள். இன்று மோகனசுந்தரத்தின் முகத்தையே பார்த்தாள், அவர்தான் சங்கடப்பட்டுப் பார்வையை மாற்றினார்.

“கோகிலா என்ன சொல்ல வர்றாங்கன்னா சார்,” என்றான் நிவாஸ், மெதுவாக, உதவுகிற குரலில், “அந்த ஹீட்டர் ஃபங்ஷன்ல கமெண்ட் கொஞ்சம் தெளிவா இல்ல. நான் மாத்திடறேன். ஒரு வரிதான்.”

“அவ்வளவுதானுங்களா?” அவர் முகத்தில் எத்தனை நிம்மதி. “கமெண்ட் மாத்தறதுக்கு டெஸ்டிங் வேண்டியதில்ல. அவ்வளவுதான, கோகிலா?”

தலை ஆடத் தயாரானது. முப்பது வருஷப் பழக்கம், கழுத்து அவளைக் கேட்காமலேயே இறங்கப் பார்த்தது. அவள் பிடித்து நிறுத்தினாள்.

“இல்லை” என்றாள். நிவாஸைப் பார்த்து, “நீ சொல்லாதே. நானே சொல்றேன்” என்றாள். அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ப் என்று நின்றது, நின்றாள். ப் என்று மறுபடி நின்றது, மறுபடி நின்றாள். கழுத்து நரம்பு புடைப்பது அவளுக்கே தெரிந்தது, பார்க்க நன்றாக இருக்காது, இருக்கவேண்டியதில்லை. ப்ரோப் என்று வந்தது. க என்று நின்றது. கழண்டு. கெடக்கறப்ப. கரண்ட் வருவதற்குள் யாரோ இருமினார்கள், யாரோ கடிகாரத்தைப் பார்த்தார்கள், அவள் எதற்கும் ஓடவில்லை. “கரண்ட் போய் வந்தா, ஹீட்டர் நிக்காதுங்க சார். மணியும் அடிக்காது. குழந்தை வெந்துரும்.”

மோகனசுந்தரம் மவுஸிலிருந்து கையை எடுத்தார். ஃபைலைத் திறந்து கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். “மேல செக் பண்ணியாச்சுன்னு இங்க போட்டிருக்குதே?”

‘தப்பு’ என்று சொல்லலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எளிது, மரியாதையான வார்த்தை, நிவாஸுக்கும் வலிக்காது. அவள் அதை எடுக்கவில்லை. உதட்டை மூடிக்கொண்டு வேண்டிய வார்த்தைக்காகக் காத்து நின்றாள். என்ன வரப்போகிறது என்று அதற்குள் எல்லோருக்குமே தெரிந்துவிட்டது, முகங்களில் தெரிந்தது, ஆனால் இந்தத் தடவை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

“பொய்” என்றாள்.

அவர் திரையை உருட்டினார். மேலே போனார், கீழே வந்தார், கரண்ட் வந்து சேர்கிற இடத்துக்குப் போய் அங்கிருந்து விரலால் வழி பிடித்துக்கொண்டே வந்தார். விரல் நேராக ஹீட்டரில் வந்து நின்றது. நிவாஸ் தரையைப் பார்த்தான். அவர் பெருமூச்சு விட்டு, வாங்குகிற கம்பெனிக்காரருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “இன்னிக்கு வராதுங்க. ஆமாங்க, சொன்னேன், நாந்தான் சொன்னேன். ஒரு விஷயம் இருக்குது.” என்ன விஷயம் என்று அந்தப் பக்கம் குரல் ஏறியது. அவர் ஃபோனை மேஜை நடுவில் தள்ளினார். வழக்கம்போல எல்லோரும் நிவாஸைப் பார்த்தார்கள், அப்புறம் ஒவ்வொருவராக அவள் பக்கம் திரும்பினார்கள். கோகிலவாணி ஒரு அடி முன்னால் வந்து குனிந்தாள். உதடு மூடியது. ஃபோனில் அவள் முகம் தெரியாது, நரம்பு தெரியாது, வெறும் அமைதிதான் கேட்கும்.

“ஹலோ? ஹலோ? லைன்ல யாராச்சும் இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றாள்.